தார்ப்பாய் நிழலில் மூன்று நாள்

1. ஆனி முடிய நாலு நாள்

வக்கீல் ஐயர் ஷோரூமுக்குள் வந்து, குடையை மடக்குவதற்கு முன்பே கேட்டார்.

"வண்டி எங்கே வந்துண்டிருக்கு?"

மானேஜர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆனி முடிய இன்னியோட சேத்து நாலு நாள். ஆடி பொறந்துட்டா புது வண்டி ஆத்து வாசல்ல வந்து நிக்கப்படாதுங்கறா. அப்புறம் ஆவணிதான். அதுக்குள்ளே என் மச்சினன் ஓட்டக் கத்துண்டுடுவான். தனியா டிரைவர் எதுக்குன்னு நானே கேப்பேன்."

இதை அவர் மானேஜரிடம்தான் சொன்னார். ஆனால் வாசல் தூணோரம் தஸ்தகீர் நின்றிருந்தான். வண்டி வந்த அன்றே டிரைவராகச் சேர்ந்துகொள் என்று வக்கீல் வாக்குக் கொடுத்திருந்தது அவனுக்குத்தான். அவன் தலையைக் குனிந்து கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், மவுண்ட் ரோட்டில் ஒரு மோட்டார் கம்பெனியில் எனக்கு வேலை. பெயருக்கு ரயில்வே கிளார்க். நான் படித்தது நாலாம் வகுப்பு. இங்கிலீஷில் எண்களும் பெரிய எழுத்துகளும் தெரியும். என் வேலைக்கு அது போதும் என்று எடுத்தார்கள், போதும் என்று நானும் நினைத்தேன்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக, அப்போது அது எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். வண்டிகள் பம்பாயிலிருந்து கூட்ஸ் ரயிலில் வரும். பெட்ரோலை வடித்துவிட்டு, சக்கரங்களுக்கு ஆப்பு வைத்து, சங்கிலி போட்டு, கூரையில்லாத வேகனில் ஏற்றித் தார்ப்பாய் போர்த்தி அனுப்புவார்கள். அன்றே வேகன் நம்பர் தந்தியில் வரும். அதை நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். மறுநாளிலிருந்து தினமும் காலையில் கூட்ஸ் யார்டுக்குப் போக வேண்டும். உள்ளே வரும் ஒவ்வொரு ரயிலிலும் உள்ள வேகன் நம்பர்களை ஒருவர் நடந்துகொண்டே புத்தகத்தில் எழுதுவார். நம்பர்காரர் என்று சொல்வோம். அவரிடம் நம்பரைச் சொன்னால், பக்கத்தில் விரலை ஓட்டிப் பார்த்து உண்டு அல்லது இல்லை என்பார். இல்லை என்றால் ஆபீசுக்குத் திரும்பி வந்து இல்லை என்று சொல்ல வேண்டும். வருஷத்தில் பாதி நாள் எனக்கு அந்த ஒரு சொல்தான் வேலை.

2. தஸ்தகீர்

அவன் லஸ் முனையில் ஜட்கா ஓட்டியவன். வாடகை வண்டியல்ல, சொந்த வண்டி, சொந்தக் குதிரை. ராயப்பேட்டையில் ஒரு மோட்டார் கொட்டகையில் சவாரி இல்லாத நேரமெல்லாம் போய் நின்று ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்சும் வாங்கிவிட்டான். வக்கீலைத் தினமும் கோர்ட்டுக்கு ஏற்றிப்போனவன் ஆகையால் அவர் அவனையே டிரைவராக வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

பம்பாயிலிருந்து தந்தி வந்த அன்று என்னிடம் வந்தான்.

"இன்னா நைனா, எப்போ வந்து சேரும்?"

எனக்குத் தெரியாது. கூட்ஸ் ரயில் எப்போது வரும் என்று அதை ஓட்டுகிறவனுக்கே தெரியாது. ஆனால் ஒருவர் முகத்துக்கு எதிரே நின்று கேட்கும்போது சும்மா இருக்க எனக்கு வராது. கூச்சம். ஏதாவது சொல்லி அந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்றிருக்கும்.

"பத்து நாள்ல வந்துடும்" என்றேன்.

அவன் ஒன்பதாம் நாள் குதிரையையும் வண்டியையும் விற்றுவிட்டான். பத்தாம் நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஷோரூமுக்கு வந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அன்று வண்டி வரவில்லை. பதினோராம் நாளும் வரவில்லை. அப்புறம் அவனும் என்னோடு யார்டுக்கு வர ஆரம்பித்தான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல என்ன வாய் இருக்கிறது?

நம்பர்காரருக்கு எங்களைப் பார்த்தாலே சிரிப்பு.

"வந்துட்டாங்கப்பா மாப்ள ஊட்டுக்காரங்க. பொண்ணு இன்னும் பொறப்படலை, போய்ட்டு நாளைக்கு வாங்க."

"பொண்ணு ஓடிப்போச்சான்னாவது பாத்து சொல்லு நைனா," என்பான் தஸ்தகீர்.

"உன் மூஞ்சியப் பாத்தா ஓடிப்போகாம இன்னா செய்யும்?"

சிரித்துக்கொண்டேதான் திரும்புவான். ஆனால் அந்த நாலு நாள் கெடு கேட்ட பிறகு அவன் பேச்சு நின்றுவிட்டது. மறுநாளும் நம்பர் இல்லை. அடுத்த ரயில் பதினோரு மணிக்கு என்றார்கள். வெயில் தாங்கவில்லை. மூன்றாவது லைனில் தார்ப்பாய் போர்த்திய ஒரு வேகன் தனியாக நின்றது. அதன் நிழலில் இருவரும் உட்கார்ந்தோம். அவன் பன் வாங்கி வந்து பாதியை எனக்குக் கொடுத்தான். பதினோரு மணி ரயிலிலும் இல்லை.

அதற்கு மறுநாளும் அதே நிழல். ஆனி கடைசி நாளும் அதே நிழல்தான். அன்று மாலை ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தோம். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டே தஸ்தகீர் சொன்னான்.

"வுடு நைனா. நீ இன்னா பண்ணுவே."

அவன் திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

3. லேபிள் அட்டை

ஆடி முதல் நாள் நான் தனியாகப் போனேன். நம்பர்காரர் தலையை மட்டும் ஆட்டினார். திரும்பும்போது மூன்றாவது லைனில் எஞ்சின் வந்து அந்த வேகனை இடித்துச் சேர்த்தது. இடித்த வேகத்தில் தார்ப்பாயின் ஒரு முனைக் கயிறு அறுந்து, காற்றில் தூக்கியது. உள்ளே கறுப்பு மட்கார்டு தெரிந்தது.



கிட்டே போய்ப் பார்த்தேன். வேகனின் பக்கவாட்டில் லேபிள் அட்டை சொருகியிருந்தது. அதில் எழுதியிருந்த வேகன் நம்பர் வேறு. கீழே எங்கள் கம்பெனிப் பெயர். அதற்கும் கீழே பழைய நம்பர், என் நோட்டில் இருந்த அதே நம்பர், சிறிய எழுத்தில். தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் ஒருவனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"வழியில ஆக்ஸில் சூடாயிட்ருக்கும்பா. சிக் வேகன், ரிப்பேர்னு வெட்டி வுட்டுட்டு, சரக்கை வேற வேகன்ல மாத்தி ஏத்திருப்பாங்க. இது இங்க வந்து மூணு நாளாச்சே. கூட்ஸ் ஷெட் ஆபீஸ்ல எழுதி ஒட்டியிருப்பாங்களே, பாக்கலையா?"

பார்க்கவில்லை. ஷெட் ஆபீஸில் இருப்பவர்கள் இங்கிலீஷில் பேசுவார்கள். நான் ஜன்னல் வரை போய்விட்டுத் திரும்பிவிடுவேன். சுவரில் ஒட்டிய காகிதம் எனக்குப் படிக்க வராது. படித்துச் சொல்லும்படி யாரிடமாவது கேட்கக் கூச்சம். நம்பர் தெரிந்தால் போதும் என்று அத்தனை வருஷம் ஓட்டியிருந்தேன். மூன்று நாளும் நாங்கள் முதுகு சாய்த்திருந்தது அந்த வண்டியின் மேல்தான்.

அட்டையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தேன். மானேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூணு நாள்னு வெளியில மூச்சு விடாதே. இன்னிக்குத்தான் வந்துது. ஆவணியில டெலிவரி எடுத்துக்கட்டும், நமக்கு நஷ்டமில்லை. என்ன, புரியுதா?"

"சரிங்க" என்றேன். அவரிடம் நான் வேறெதுவும் சொன்னதில்லை.

டிராமில் ஏறி மயிலாப்பூருக்குப் போனேன். அட்டை சட்டைப் பையில் இருந்தது. வழியெல்லாம் இறங்கிவிடலாமா என்று நினைத்துக்கொண்டே போனேன். வக்கீல் வீட்டு ஆபீஸ் அறையில் அவர் முன்னால் அட்டையை வைத்துவிட்டு, மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னேன்.

"வண்டி ஆனியிலயே பட்டணம் வந்துடுச்சுங்க. நான்தான் பாக்கலை. மூணு நாளா யார்டுல நின்னுது. தப்பு என்னுதுங்க, தஸ்தகீருதில்லை."

வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையில் குத்தியிருந்த, வேகன் வந்து சேர்ந்த தேதியைப் படித்தார். சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தார்.

"ஆனி இருபத்தொம்பது. சரிதான். ஆனா ஆத்துக்கு வரப்போறது ஆடியிலேன்னா?"

இதை அவர் என்னிடம் கேட்கவில்லை. கதவுக்கு உள்ளே நின்றிருந்த அவர் மனைவியைக் கேட்டார்.

"ஊருக்கு வந்ததுதான் கணக்கு," என்றது உள்ளிருந்த குரல். "ரயில்காரன் நிறுத்தி வெச்சா அதுக்காக மாசம் மாறிடுமா? அந்தக் குதிரைக்காரன் காலம்பற சாயங்காலம் தெருக்கோடியில வந்து நின்னுட்டுப் போறான். எனக்குப் பாக்க முடியலை."

"உன் தம்பி ஓட்டறதா இருந்தானே?"

"அவன் பரீட்சையை மொதல்ல எழுதட்டும். ரெண்டு தடவை போயாச்சு."

வக்கீல் அட்டையை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "மூணு நாள் பக்கத்துலேயே நின்னேளா?" என்றார். "நின்னோம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காக இன்றும் அவருக்கு நன்றி.

தஸ்தகீரைத் தேடிப் பிடித்தேன். இன்னொருவனுடைய ஜட்காவை அவன் கழுவிக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னேன், நிழல் விஷயம் உட்பட. கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே கேட்டான்.

"அத்த ஏன் போய் சொன்னே? மானேஜர் சும்மா வுடுவானா?"

"தெரியாது."

அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். நான் அவனிடம் உண்மையாகச் சொன்ன முதல் பதில் அது.

வண்டி இன்றே வேண்டும் என்று வக்கீல் மானேஜருக்குச் சொல்லியனுப்பிவிட்டதால், அன்று மாலையே வண்டியை இறக்கினோம். பெட்ரோல் ஊற்றி, பாட்டரி வைத்து, அவன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். லஸ் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமா, வண்டி ஓட்டும் கவனமா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. மானேஜர் மறுநாள் என்னைச் சத்தம் போட்டார், ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டாம் நாள் இன்னொரு தந்தி வந்தது. யார்டுக்குப் போக வேறு ஆள் கிடைக்காததால் என்னையே அனுப்பினார்.

4. புதிதாக வருகிறவர்களுக்கு

நம்பரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். தார்ப்பாய் போட்ட ஒவ்வொரு வேகனின் அட்டையையும் பாருங்கள். மாற்றி ஏற்றியது உண்டா என்று ஷெட் ஆபீஸில் கேளுங்கள். இங்கிலீஷ் வராவிட்டால் தமிழில் கேளுங்கள், அவர்களுக்குத் தமிழ் தெரியும். இதை நான் அதற்கப்புறம்தான் கண்டுபிடித்தேன்.

எப்போது வரும் என்று கேட்டால் நாள் சொல்லாதீர்கள். தெரியாது என்று சொல்லுங்கள். கேட்பவர் முகம் சுருங்கும். அதைப் பார்த்துக்கொண்டே எதிரில் நிற்கப் பழகுங்கள். இந்த வேலையில் கஷ்டமானது வெயிலும் நடையும் அல்ல, அதுதான். பத்து வருஷமாகப் பழகுகிறேன். இன்னும் எனக்குச் சரியாக வரவில்லை.