மாலை மாற்றியதற்குச் சாட்சி

அப்பாவும் அம்மாவும் மாலை மாற்றிக்கொண்டது எங்கள் ஊர் நெல் களத்தில் போட்ட பந்தலில், வேண்டுமென்றே ராகுகாலத்தில். ஐயர் இல்லை, தாலி இல்லை. மன்னார்குடியிலிருந்து மைக் செட் வந்தது. கட்சிக்காரர் ஒருவர் தலைமை தாங்கிப் பேசினார். அம்மா நாற்றுப் பறித்துக்கொண்டே இதைச் சொல்வாள்.

"மாலை போட எனக்கு எட்டல. உங்கப்பா குனிய மாட்டேன்னு நின்னாரு. சுயமரியாதையாம்!"

எத்தனை தரம் கேட்டாலும் எனக்கு அலுக்காது.

அப்பா இறந்தபோது நான் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான்தான். கூலிச் சண்டை, குத்தகைச் சண்டை என்று வரப்புக்கு வரப்பு கொடி பறந்த காலம். எங்கள் சண்டை வீட்டுக்குள்ளேயே வந்தது. காரியம் முடிந்த கையோடு அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, எங்கள் வயலில் ஏர் பூட்டினார்.

"தாலி கட்டாதது கல்யாணமே இல்ல. அப்புறம் ஏது பொண்டாட்டி, ஏது புள்ள? நெலம் எனக்குத்தான்."

வயல் போனால் அம்மா கூலிக்கு இறங்க வேண்டும். என் படிப்பும் அதோடு சரி. பட்டாவை மாற்றித் தரும்படி அம்மா மனுக் கொடுத்தாள். பஞ்சாயத்து ஆபீசில் விசாரணை. புதிதாக வந்திருந்த சட்டத்தை நான் மனப்பாடமாகச் சொன்னேன்.

"சொந்தக்காரங்க, சிநேகிதங்க முன்னால மாலை மாத்திக்கிட்டாலே செல்லும் சார். முன்ன நடந்த கல்யாணமும் செல்லும்."

"அது எனக்கும் தெரியும் தம்பி," என்றார் வருவாய் ஆய்வாளர். "பார்த்தவங்க யாரு?"

தலைமை தாங்கியவர் உயிரோடு இல்லை. தாலியில்லாத கல்யாணம் என்று அம்மா வீட்டார் அன்று வரவேயில்லை. ஊராருக்கு வாயைத் திறக்கப் பயம். வாய்க்கால் தண்ணீர் முறை சித்தப்பா கையில்.

அம்மா எதிரே உட்கார்ந்திருந்த சித்தப்பா பக்கம் திரும்பினாள். "தம்பிதான் அன்னைக்கு வரவே இல்லையே. உங்களுக்கு என்ன தெரியும்?"

"நானா வரல?" சித்தப்பா எழுந்துவிட்டார். "மைக்கைப் புடுங்கி, இது ஒரு கல்யாணமான்னு கேட்டது யாரு அண்ணி? ரெண்டு பேரும் மாலையும் கழுத்துமா நிக்கிறீங்க, ஒரு மந்திரம் உண்டா?"

"கோவிச்சுக்கிட்டு சாப்பிடாமப் போனீங்களே."

"யாரு சொன்னா? பாயசம் ரெண்டு தடவை வாங்கினேன்!"

ஆய்வாளர் எழுதியதை வாசித்தார். "மணமகனின் உடன்பிறந்த தம்பி முன்னிலையில் இருவரும் மாலை மாற்றிக்கொண்டனர். சரிதானே?"

சித்தப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைநாட்டு வைத்தார்.

அந்தப் போகம் எங்கள் வயலில் நாங்களே நட்டோம்.

என் கல்யாணமும் அதே களத்தில், மாலையோடுதான் நடந்தது. சித்தப்பா முதல் வரிசையில் உட்கார்ந்தார். மைக்கை நீட்டியதும், "ஐயோ, ஆளை விடுங்கப்பா!" என்று கும்பிட்டார். பந்தியில் அம்மா பாயச வாளியோடு நேராக அவர் இலைக்குத்தான் போனாள்.

"ஊத்துங்க அண்ணி. இந்தத் தடவை யாரும் எழுதிக்க மாட்டாங்கள்ல?"