'இல்லை' வாசலில் ஐம்பத்தெட்டாவது ஆள்

போர் முடிவாகிவிட்டதாம், நாளைக்கு நாடாளுமன்றத்தில் நடக்கப்போகிற ஓட்டெடுப்பு வெறும் கண்துடைப்பாம். சொன்னது சலவைக்கடை முதலாளி. அவருக்குச் சொன்னது பாதுகாப்பு மந்திரியின் டிரைவர். மந்திரி ஒரே நாளில் மூன்று கறுப்புக் கோட்டுகளைச் சலவைக்குப் போட்டு, விடிவதற்குள் வேண்டும் என்று சொல்லியனுப்பினாராம். அந்தக் கடையில் கால்சட்டைகளுக்கு விளிம்பு மடித்துத் தைப்பவள் வாசலண்ணனின் மனைவி. வீட்டுக்குள் நுழைந்து கைப்பையைக் கீழே வைப்பதற்கு முன்பே விஷயத்தைக் கொட்டிவிட்டாள்.

"மூணு கோட்டு எதுக்குங்க? ஒண்ணு அறிவிக்க, ஒண்ணு டி.வி.ல பேச, ஒண்ணு சாவுக்குப் போக."

"கல்யாண வீடு ஏதாவது இருக்கும்மா."

"ஊரே வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கு, இவரு கல்யாணத்துக்குப் போறாராக்கும்."

வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பவர்களில் அவர்கள் இருவரும் முதல் வரிசை. ஒரே மகள் ராணுவத்தில் லாரி மெக்கானிக். எல்லைக்கு அரை மணி நேரத் தூரத்தில், இஞ்சின்களுக்கு அடியில் படுத்துக்கிடக்கிறாள். போர் என்று வந்தால் முதலில் நகர்வது லாரிகள்தான்.

அவருக்கு நாடாளுமன்றத்தில் வாயிற்காவலர் வேலை. பிரதமர் முதல் கழிப்பறை கழுவுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் 'வாசலண்ணன்'. இருபத்திநாலாவது வயதில், ஒரு பெட்டியோடும் இங்கே யாராலும் படிக்க முடியாத ஒரு சான்றிதழோடும் இந்த நாட்டுக்கு வந்தவர். முதலில் கிடங்கில் பெட்டி எண்ணினார். நாடாளுமன்ற வேலைக்கு நேர்முகத்துக்குப் போனபோது அன்றைய தலைமைக் காவலர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வெளிய காத்திருந்தீங்களே, அந்த ரூம்ல எத்தனை நாற்காலி?" "பதினொண்ணு. ஒண்ணுக்குக் கால் ஆடுது" என்றார் இவர். அந்த மனிதர் எழுந்து வந்து கைகொடுத்தார். பிறந்த ஊர் எது என்று கேட்காமல் வேலை கொடுத்த அந்தக் கையை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் இவருக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

நாற்காலியை எண்ணியது திறமையால் இல்லை, பயத்தால். அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை திரும்பிப் பார்க்கிற ஜாதி அவர். படிக்கட்டில் இறங்கினால் படியை எண்ணுவார். பள்ளியில் பாதியைத் தாய்மொழியிலும் பாதியை இன்னொரு மொழியிலும் படித்ததால், எண்ணிக்கையும் அவருக்குள் இரண்டு தண்டவாளத்தில் ஓடியது. வாய் இந்த நாட்டு மொழியில் சத்தமாக எண்ணும். மனசு தாய்மொழியில் சத்தமில்லாமல் எண்ணும். இருபத்திரண்டு வருட வேலையில் இரண்டும் ஒருமுறைகூடப் பிரிந்ததில்லை.

அந்த நாடாளுமன்றத்தில் சாதாரண மசோதா என்றால் உறுப்பினர்கள் இருந்த இடத்திலிருந்தே பொத்தானை அமுக்குவார்கள். மூன்று விஷயத்துக்கு மட்டும் பொத்தான் செல்லாது: பிரதமரைத் தேர்ந்தெடுக்க, அரசியல் சட்டத்தைத் திருத்த, படையை எல்லைக்கு வெளியே அனுப்ப. அப்போது எழுந்து நடந்தாக வேண்டும். 'ஆம்' என்பவர்கள் கிழக்கு வாசல் வழியாக, 'இல்லை' என்பவர்கள் மேற்கு வாசல் வழியாக. உட்கார்ந்தபடி யாரும் யாரையும் போருக்கு அனுப்பக் கூடாது என்று முதல் சட்டத்தை எழுதியவர்கள் நினைத்தார்களாம். வாசலில் நிற்கிற காவலர் ஒவ்வொரு தலைக்கும் சத்தமாக எண்ண வேண்டும். பக்கத்தில் எழுத்தர் கோடு போடுவார். நடக்க மனமில்லாமல் இருக்கையிலேயே தங்கிவிடுகிறவர்களை யாரும் எண்ணுவதில்லை. வாசல் கூடத்தில் கேமராவும் கிடையாது. காவலரின் வாய்தான் சாட்சி.

மேற்கு வாசல் ஒன்பது வருடமாக வாசலண்ணனுடையது.

போருக்கான காரணங்கள் மூன்று வாரமாக வந்துகொண்டிருந்தன. முதலில் ஒரு பாறைத்தீவின் கலங்கரை விளக்கம். பக்கத்து நாட்டுக்காரன் அதை அணைத்துவிட்டான். பிறகு மீனவர்களை அடித்துவிட்டான். பிறகு ராக்கெட் வைத்திருக்கிறான். கடைசியில் நம் மானம்.

"காரணம் தினம் மாறுது, சண்டை மட்டும் மாறாம நிக்குது" என்றார் கேன்டீன்காரர், ஓட்டெடுப்பு அன்று மதியம் டீயை நீட்டியபடி. "வீட்டை வாங்கிட்டு அப்புறம் ஜன்னல் நல்லாருக்கு, காத்து வருதுன்னு பேசுற மாதிரி. இந்தப் பிரதமருக்கு நீதானேய்யா ஓட்டுப் போட்டே?"

"அவர் கட்சிக்குத்தான். வடிகால் கட்டுறேன்னாங்க, ஆஸ்பத்திரி கட்டுறேன்னாங்க. போர்ங்கிற பேச்சையே யாரும் எடுக்கலை."

"பொண்ணு பாக்க வரும்போது மாப்பிள்ளை குடிப்பான்னு யாரு சொல்லுவா?"

ஆனால் பிரதமர் பேசியபோது வாசலண்ணனுக்கே மனசு ஆடியது. கை உடைந்த ஒரு மீனவர் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டு நிஜம், அந்த முகத்தின் வலி நிஜம். பிரதமர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. மீதிப் பாதியைத்தான் வாசலண்ணனின் மகள் லாரியில் ஏற்றிக்கொண்டு போகவேண்டியிருக்கும்.

மூன்று மணிக்கு மணி அடித்தது. உறுப்பினர்கள் எழுந்து பிரிந்தார்கள். வாசலண்ணன் மேற்கு நிலைப்படிக்கு அருகே நின்று எண்ணத் தொடங்கினார். கடைசி ஆள் கடந்ததும் வாய் சொன்னது: ஐம்பத்தெட்டு. கதவைச் சாத்தினார்.

மனசு ஐம்பத்தேழில் நின்றிருந்தது.

கிழக்கு வாசலின் கணக்கு வந்தது: ஐம்பத்தேழு. சபாநாயகர் இரண்டு எண்களையும் வாசித்தார். போர்த் தீர்மானம் ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. உள்ளே மேசைகள் தட்டப்பட்டன. யாரோ அழுதார்கள். வாசலண்ணன் சுவரில் சாய்ந்து, கடந்து போன முகங்களை ஒவ்வொன்றாக மறுபடியும் உள்ளுக்குள் நடக்க விட்டார். முப்பத்தொன்றில் வந்து சிக்கியது.

முப்பத்தொன்று டீச்சரம்மா. எழுபது வயது, சக்கர நாற்காலி. எப்போதும் தன் கையாலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டு வருகிறவர். யாராவது தள்ள வந்தால் முறைப்பார். இரண்டு நாளைக்கு முன் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டில் கட்டு. அதனால் பாதுகாப்பு ஆள் ஒருவன் தள்ளிக்கொண்டு வந்தான்: நெட்டையன், கோட்டுப் போட்டவன், பார்த்தால் உறுப்பினர் மாதிரியே இருப்பவன். வாய் ஆளை எண்ணும். அவனையும் சேர்த்து எண்ணிவிட்டது. மனசு முகத்தை எண்ணும். அது அவனை விட்டுவிட்டது.

நிஜக் கணக்கு ஐம்பத்தேழுக்கு ஐம்பத்தேழு. சமம் என்றால் முடிவு சபாநாயகர் கையில். அந்த அம்மாள் இருபது வருடமாகப் பிரதமரின் கட்சி.

எழுத்தர் பெண் தாளோடு வந்தாள். அறிவிப்பு ஆனாலும் காவலரின் கையெழுத்து விழும் வரை முடிவு செல்லாது என்பது விதி.

"அண்ணா, சீக்கிரம் போடுங்க. உள்ள எல்லாரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க."

பேனா கையில் இருந்தது. தாளில் ஐம்பத்தெட்டு என்று அழகாக எழுதியிருந்தது. ஒரு கையெழுத்து, மகள் இருந்த இடத்திலேயே இருப்பாள். யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்தால்? பெண்ணைக் காப்பாற்ற அப்பன் ஓட்டைக் கூட்டிவிட்டான் என்பார்கள். வந்த இடத்தில் வேலையைக் காட்டிவிட்டான் என்பார்கள். அதுவே போருக்கு அடுத்த காரணம் ஆகும். இப்படி ஒரு பயம். பயத்துக்கும் அடியில் இன்னொன்று இருந்தது: எண்ணாத எண்ணுக்குக் கீழே தன் பெயரை எழுத அவருடைய கைக்குத் தெரியவில்லை.

"ஒண்ணு கூடுதலாச் சொல்லிட்டேம்மா. டீச்சரம்மாவைத் தள்ளிட்டு வந்தவனையும் சேர்த்து எண்ணிட்டேன்."

"உங்க பொண்ணு..." என்று ஆரம்பித்தாள்.

"ஆமாம்மா."

விட்டுடுங்கண்ணா என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார். அது அவருக்கு நன்றாகத் தெரியும். அவள் சொல்லவில்லை. பேனாவை அவர் விரல்களிலிருந்து மெதுவாக வாங்கி, மூடியைப் போட்டு, "வாங்க, நானும் கூட வர்றேன்" என்றாள். அந்த நான்கு வார்த்தைகளுக்காக அவளுக்கு ஆயுசு முழுக்கக் கடன்பட்டிருப்பதாக அவர் பின்னால் மனைவியிடம் சொன்னார்.

சபாநாயகரின் அறையில் மேசை, இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர்க் குடுவை. அந்த அம்மாள் கோபப்படவில்லை.

"எப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?"

"வாய் ஒண்ணு எண்ணும், மனசு ஒண்ணு எண்ணும்மா. மனசு என் தாய்மொழில எண்ணும். இன்னைக்கு ரெண்டும் சேரலை."

"இது வேற யாருக்காவது தெரியுமா?"

"வீட்டுக்காரிக்குத் தெரியும். தூக்கத்துலயும் எண்ணுறேன்னு திட்டுவா."

சபாநாயகர் உறுப்பினர் பட்டியலை எடுத்தார். "சொல்லுங்க. வந்த வரிசையிலேயே."

அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். ஒன்று, துறைமுகத் தொகுதிக்காரர். இரண்டு, தடித்த கண்ணாடி டாக்டர். மூன்று, எப்போதும் இருமுகிறவர். முதல் பத்துக்குப் பிறகு அவரை அறியாமலேயே எண்கள் தாய்மொழிக்கு மாறிவிட்டன. அந்த அம்மாளுக்கு அது புரியாது. ஆனாலும் நிறுத்தவில்லை, பேனாவால் குறித்துக்கொண்டே போனார். ஐம்பத்தேழு குறிகள் விழுந்தன. நெட்டையனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "நான்தாங்க தள்ளிட்டு வந்தேன், ஏன், தப்பா?" என்றான் அவன், வெளிறிப்போய்.

"உங்க வீட்ல யாராவது படையில இருக்காங்களா?" என்று கேட்டார் சபாநாயகர்.

"பொண்ணும்மா."

அந்த அம்மாள் அவரை ஒரு கணம் பார்த்தார். "நன்றி" என்றார். அவ்வளவுதான். அந்த நன்றி எந்தப் பக்கத்து நன்றி என்று வாசலண்ணனுக்கு விளங்கவில்லை.

சபை மறுபடி கூடியது. சமம் என்று அறிவித்ததும் எழுந்த கூச்சலில் கூரை பெயர்ந்துவிடும் போலிருந்தது. சபாநாயகர் என்றாலும் விதி விதிதான். அவரும் நடந்தாக வேண்டும். வாசலண்ணன் மேற்கு நிலைப்படிக்குப் போனார். அங்கிருந்து சபை தெரியாது. நடுவில் ஒரு வளைவு. காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. மேடையின் படிகளில் இறங்குகிற சத்தம், பிறகு கல் தரையில். கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் அந்தக் கட்டடத்தில் சத்தம் ஒரே மாதிரிதான் எதிரொலிக்கும். லாரிகள், எல்லை, மகள், எல்லாம் அந்தச் செருப்புச் சத்தத்தில் தொங்கின.

வளைவில் அந்த அம்மாள் திரும்பினார். நிலைப்படியைத் தாண்டினார்.

"ஐம்பத்தெட்டு" என்றது வாய். மனசும் அதையே சொன்னது.

பிறகு ஒலிபெருக்கியில் சபாநாயகரின் குரல் கேட்டது: "பாதிப் பேரை நம்பவைக்க முடியாத காரணத்துக்காக முழு நாட்டையும் என்னால் அனுப்ப முடியாது." எழுத்தர் பெண் புதுத் தாளைக் கொண்டுவந்தாள். வாசலண்ணன் கையெழுத்துப் போட்டார். பெயரின் கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போனது.

"ஏன்யா, அதே ஐம்பத்தெட்டுதானே?" என்றார் கேன்டீன்காரர். "அதுக்குள்ள ஒரு மணி நேரம் நாட்டையே சாகடிச்சு எழுப்பணுமா?"

"முன்னாடி அதுல ஒரு ஆள் குறைஞ்சான்" என்றார் வாசலண்ணன்.

டீச்சரம்மா கட்டுப் போட்ட கையை ஆட்டிக் கூப்பிட்டார். "என்னால வந்த வினை. ஆனா அந்தப் பையன் பாவம், ஒரு மணி நேரம் எம்.பி.யா இருந்துட்டுத் திரும்பவும் என் நாற்காலியைத் தள்ள வந்துட்டான்." சொல்லிவிட்டுச் சிரித்தார், பிறகு, "உங்க இடத்துல நானா இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்குத் தெரியலை" என்றார் மெதுவாக.

வெளியே படிக்கட்டில் பிரதமர் நிருபர்களிடம் பேசிக்கொண்டிருந்தார்: அடுத்த வாரம் தீர்மானம் மறுபடி வருமாம், புதிய ஆதாரங்களோடு. வரட்டும். அடுத்த வாரமும் அவர்கள் எழுந்து நடக்கத்தான் வேண்டும். அப்படி நடக்கவைத்த, முகம் தெரியாத அந்தப் பழைய மனிதர்களுக்கு வாசலண்ணன் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டார். இந்த நாட்டைப் பற்றி அவருக்கு ஆயிரம் பயம் உண்டு. ஆனால் ஒரு வாயிற்காவலன் 'தப்பா எண்ணிட்டேன்' என்று சொன்னால், உட்காரவைத்து ஐம்பத்தேழு பெயரையும் கேட்கிற நாடு இது. அது சின்ன விஷயமில்லை.

ஊழியர் வாசலுக்கு வெளியே, பஸ் நிறுத்தத்து இருக்கையில் உட்கார்ந்து மகளின் எண்ணை அழுத்தினார். செய்தியில் கேட்பதற்கு முன்னால் அவள் அப்பன் வாயால் கேட்கவேண்டும். எதிலிருந்து ஆரம்பிப்பது? போர் இல்லை என்பதிலிருந்தா? அவளைப் பணயமாக வைக்கிறோம் என்று தெரிந்தேதான் வாயைத் திறந்தேன் என்பதிலிருந்தா? 'அதான் சரிப்பா' என்பாளா, ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவாளா? அவளுடைய மௌனத்தை அவருக்கு எப்போதும் சரியாகப் படிக்கத் தெரிந்ததில்லை.

பஸ் வந்து நின்றது. ஏறுகிறீர்களா என்பதுபோல் ஓட்டுநர் பார்த்தார். வாசலண்ணன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, போங்கள் என்று கையைக் காட்டினார். மறுமுனையில் இன்னும் யாரும் எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.