நீளஜெபத்தாருக்குத் தொண்டை கட்டியது

அந்தச் சபையில் "இப்ப அண்ணன் ஜெபிப்பார்" என்று போதகர் சொன்னதும், முழங்காலில் நிற்பவர்கள் நைசாக உட்கார்ந்துவிடுவார்கள். ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான அந்த அண்ணனுக்கு நீளஜெபத்தார் என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை. வானம், பூமி, நாட்டு நடப்பு, விலைவாசி என்று எல்லாவற்றையும் ஆண்டவருக்கு ஆதியோடந்தமாக எடுத்துச் சொல்வார், ஏதோ அவர் வெளியூர் போயிருந்து இப்போதுதான் திரும்பியதுபோல. குரலும் வெண்கலக் குரல். பெருமை இல்லாமல் இல்லை. அதையும் தாழ்மையோடு வைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் ஜெபத்துக்கு வேறொரு உபயோகமும் இருந்தது. கண்ணை மூடி ஜெபிக்கிறவரை யாரும் குறுக்கே பேசி நிறுத்த முடியாது. இந்த வசதியைக் கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டார். "உப்பை அளவோடு போடுகிற ஞானத்தை உம்முடைய அடியாளுக்குத் தாரும், ஆண்டவரே" என்பார். மனைவியின் ஆமெனோடு பல்லைக் கடிக்கிற சத்தமும் சேர்ந்து கேட்கும். நேருக்கு நேர் அவர் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. நல்ல மனுஷன் என்றுதான் பெயர்.

மகள் தான் கல்யாணம் பண்ணிக்கொள்ள நினைத்தவரை வீட்டுக்கு அழைத்து வந்த மாலையிலும் அப்படித்தான். அவர் போட்டோ எடுப்பவர். ஒரு மாதம் வேலை குவியும், மறு மாதம் ஈ ஓட்டுவார். நீளஜெபத்தார் சிரித்துப் பேசினார், நாற்காலியை இழுத்துப் போட்டார், இன்னும் கொஞ்சம் டீ வேண்டுமா என்று கேட்டார். பிறகு குடும்ப ஜெபத்தில் முழங்காலிட்டு, "நிலையான வருமானம் இல்லாதவர்களுடைய இனிய பேச்சில் மயங்குகிற பிள்ளைகளின் கண்களைத் திறந்தருளும்" என்றார். போட்டோக்காரர் பாவம், புது இடம், மரியாதை தப்பக் கூடாதே என்று எல்லாரையும்விட உரக்க "ஆமென்" சொன்னார்.

அவரை வழியனுப்பிவிட்டு வந்த மகள் பையில் துணிகளை அடுக்கினாள்.

"என்கிட்ட சொல்ல வேண்டியத என்கிட்ட சொல்லுங்கப்பா. எதுக்கு நடுவுல கடவுள இழுக்கிறீங்க?"

வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து விடுதிக்குப் போனவள் திரும்பவில்லை. போனில் அம்மாவிடம் மட்டும் பேசினாள். கல்யாணத்தை அவர்களே முடித்துக்கொள்வார்கள் போலிருந்தது. அவருக்கு இருந்தது ஒரே பிள்ளை. சோறு இறங்கவில்லை. ஆனால் பழக்கம் விடுமா? அடுத்த ஜெபக்கூட்டத்தில், பெற்றோரை மறந்த பிள்ளைகளுக்காக அவர் உருகி மன்றாடியதில் சபையே மூக்கைச் சிந்தியது. மகளோடு வேலை பார்க்கும் ஒருத்தியும் அங்கே இருந்தாள். அதன் பிறகு மகள் அம்மாவின் போனையும் எடுக்கவில்லை.

அந்த வாரமே தொண்டை போயிற்று. முதலில் கரகரப்பு, பிறகு வெறும் காற்று.

"குரல் நாண்ல வீக்கம். கொஞ்ச நாளைக்குப் பேசவே கூடாது. கிசுகிசுன்னும் பேசக் கூடாது" என்றார் டாக்டர்.

"ஜெபம்?" என்று அவர் காற்றாகவே கேட்டார்.

"மனசுக்குள்ள பண்ணுங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார் அந்த மனுஷன், ஏதோ அது சுலபமான காரியம் போல.

அன்று மாலை மனைவி ஜெபித்தாள்: "ஆண்டவரே, பிள்ளையப் பாத்துக்கோங்க. இவரையும் பாத்துக்கோங்க. ஆமென்." அவருடைய முழங்கால் தரையில் சரியாகப் படிவதற்குள் முடிந்துவிட்டது. இதெல்லாம் ஒரு ஜெபமா என்று அவருக்கு ஆற்றாமை. அறைக்குள் போய்த் தானே தொடங்கினார். முகவுரையே நகரவில்லை. எந்த இடத்தில் குரலை ஏற்ற வேண்டும் என்று தெரிந்தது. ஏற்றுவதற்குக் குரல் இல்லை. பாதியில் யார் வீட்டிலோ மாற்ற வேண்டிய ஃபிரிட்ஜ் கதவு ரப்பர் ஞாபகத்துக்கு வந்தது.

சரி, மகளைப் பற்றியாவது சொல்வோம் என்று, "அவளைத் திருத்தும்" என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். யார் கேட்பதற்கு? மகள் இல்லை, மனைவிக்குக் கேட்காது, சபையும் இல்லை. ஆண்டவர் ஒருவர்தான் பாக்கி. அவரிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷ ஜெபத்தில் அவரிடமென்று தனியாக எதையும் சொன்னதாக ஞாபகமே இல்லை.

வேலையை விட முடியாது. வாடிக்கையாளர்களிடம் பேச மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு வீட்டுக்காரி தன் ஃபிரிட்ஜின் சரித்திரத்தையே அவிழ்த்துவிட்டாள். அவர் வழக்கம்போல உதட்டில் விரல் வைத்து அவளை அடக்கி, ஃபிரிட்ஜின் பின்னால் குனிந்து காது கொடுத்தார். கம்ப்ரஸர் உறுமியது, டக்கென்று நின்றது, மறுபடி உறுமியது. கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் ரிலே போயிருந்தது.

திரும்பும் வழியில் மனைவி சொன்னாள்: "ஃபிரிட்ஜு முன்னாடி எல்லாரையும் வாய மூடச் சொல்லிட்டுக் காது குடுக்கிறீங்க. ஆண்டவர் முன்னாடி மட்டும் ஏன் அவர ஒரு வார்த்த பேச விடமாட்டேங்கிறீங்க?"

பதில் சொல்ல வழியில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் இருந்ததும் இந்த நிலையில்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று அறையில் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்தார். முதலில் தூக்கம்தான் வந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் தூங்கவும் செய்தார். விழித்தபோது மனசில் இவ்வளவுதான் கிடந்தது: 'அவ இல்லாம வீடு நல்லா இல்ல, ஆண்டவரே. எனக்குப் பயமா இருக்கு.' அலங்காரம் எதுவும் இல்லை. அழுதார். ஜெபக்கூட்டத்து அழுகை இல்லை. மூக்கு ஒழுகி, பார்க்க நன்றாக இல்லாத அழுகை.

தொண்டை போன செய்தியை மனைவி மகளுக்கு அனுப்பியிருந்தாள். இனி பேச மாட்டார் என்ற தைரியமோ என்னவோ, ஒரு மாலை அவள் போட்டோக்காரரோடு வந்தாள். அன்று காலையில்தான் குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. அது அவளுக்குத் தெரியாது. மடியிலிருந்த பையை இறக்காமலே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஜெப நேரம் வந்தது.

"பரலோகத்தில் வாசம் செய்கிற..." என்று கரகரத்துத் தொடங்கினார். தொடங்கியவர் நிறுத்தினார். கண்ணைத் திறந்தார். ஜெபத்தின் நடுவில் அவர் கண் திறந்ததை யாரும் பார்த்ததில்லை, மகள் பார்த்தாள். அவள் கண்ணை மூடவே இல்லை.

"அம்மாடி, அன்னிக்கு நான் சொன்னது ஆண்டவருக்கு இல்ல, உனக்கும் தம்பிக்கும்தான். தப்பு. நீ எங்கள விட்டுப் போயிடுவியோன்னு பயம். மன்னிச்சிருங்க தம்பி."

"ஜெபம் பாதியில நிக்குதுப்பா" என்றாள் மகள்.

"இதோ பண்றேன். முதல்ல உன்கிட்ட சொல்ல வேண்டியிருந்துச்சு."

கண்ணை மூடினார். எடுத்துச் சொல்ல வேறொன்றும் மீதி இல்லை. சொல்லாமலே முழங்காலில் இருந்தார். வெகுநேரம் அப்படியே போனது. ஜெபம் முடிந்ததா, இன்னும் தொடங்கவில்லையா என்று புரியாத போட்டோக்காரர், எதற்கும் இருக்கட்டும் என்று உரக்க "ஆமென்" என்றார். யாரும் அவரைத் திருத்தவில்லை. மகள் மடியிலிருந்த பையை எடுத்துத் தரையில் வைத்தாள்.