சவரிமுத்து அண்ணனின் ஐந்தடிக் கடல்

வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு வீட்டில் சோலார் பேட்டரியை மாற்றிக் கொடுத்துவிட்டு, அவர்கள் போட்ட சாமைச் சோற்றையும் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கு மேல் வண்டியில் இறங்கிக்கொண்டிருந்தேன். மலையில் அந்தப் பக்கம் போன் எடுக்காது. கச்சிராயபாளையம் இறங்கும் வழியில் ஒரு வளைவு உண்டு. அங்கே வந்தால்தான் சட்டைப்பையில் போன் துள்ள ஆரம்பிக்கும். அந்தப் புதன்கிழமையும் துள்ளியது. வண்டியை ஓரங்கட்டினேன். முதலில் கண்ணில் பட்டது சவரிமுத்து அண்ணனின் குரல் பதிவு. காலையில் வேலைக்குப் போகும்போது பஸ்ஸிலிருந்து அனுப்பியிருக்கிறார். பின்னால் கண்டக்டரின் விசில் கேட்டது.

"தம்பி, ஞாயித்துக்கெழம காலீல ஏழு மணிக்கெல்லாம் வந்துடு. தண்ணி ரெடி, எல்லாம் ரெடி. இந்த வாட்டி எவன் வூட்டு காதுகுத்துன்னும் கத சொல்லாத. நீ இல்லாம நான் கை வெக்கமாட்டேன்."

சிரித்துக்கொண்டே "சரிண்ணே, வர்றேன்" என்று பேசி அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் மற்றதைப் பார்த்தேன். அண்ணனின் மனைவி பிலோமினா அண்ணி பதினோரு முறை கூப்பிட்டிருந்தார். திருப்பிக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தார். மத்தியானம் வேலை செய்கிற இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. செத்துப்போன மனுஷனுக்கு நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்த வளைவில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது.

நம் வாட்ஸ்அப் குழுவில் உள்ள உங்களில் பலர் அண்ணனை நேரில் பார்த்ததில்லை. சென்னை, புதுச்சேரி, சேலம் என்று ஆளுக்கோர் ஊரில் வீட்டுக்குள் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்து, பவளமும் கடல்மீனும் வளர்க்கிறவர்கள் நீங்கள். உங்களுக்கு அவர் பஸ் சத்தத்தோடு வருகிற ஒரு குரல். எனக்குத் தொட்டியே கிடையாது. கள்ளக்குறிச்சியில் இன்வெர்ட்டர் கடை வைத்திருப்பவன். கரண்டு சந்தேகத்துக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று அண்ணன்தான் என்னைக் குழுவில் இழுத்துப் போட்டார். அவர் வீட்டுக்குள் புழங்கியவன் நான் என்பதால் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அழகாக எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் கடைக்கு வந்து, "மீனுக்கு ஒரு இன்வெர்ட்டர் வேணும்" என்றார். ஃபேனுக்குக் கேட்பார்கள், டிவிக்குக் கேட்பார்கள். மீனுக்குக் கேட்டவரை அன்றுதான் பார்த்தேன். "மீனுக்கு வேர்க்குதாண்ணே?" என்றேன். கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மோட்டார் நின்னா தண்ணி ஓடாது. தண்ணி ஓடலன்னா அதுங்களுக்கு மூச்சு கெடையாது. நம்ம ஊருல கரண்ட்டு போறது உனக்கே தெரியும். சிரிச்சிட்டியா? இப்ப வா வூட்டுக்கு" என்றார். போனேன். கூடத்தில் தொட்டிக்கென்று தனி லைன் இழுத்து, தனி சுவிட்சு போர்டு வைத்துக் கொடுத்தேன். ஊரே இருண்டாலும் அந்த ஒரு பிளக்கில் கரண்டு நிற்காது.

விருந்தாளிகள் போனுக்குச் சார்ஜ் போட அந்தப் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார்கள் என்று, அண்ணன் ஒரு சீட்டு எழுதி அதன் ஒயரில் கட்டிவைத்தார். அவர் வேலை பார்க்கிற ஆய்வுக்கூடத்தில் கரும்புச் சாறு பாட்டிலுக்குக் கட்டுகிற மாதிரி, நூல் கோத்த சின்ன அட்டை. "உயிர் இருக்கு, பிடுங்காதீங்க." அட்டை மட்டும் கடையில் வாங்கியது. வேலை செய்கிற இடத்திலிருந்து ஒரு பஞ்சு கூட எடுத்து வராத ஆள் அவர்.

அவருக்கு வேலை சர்க்கரை ஆலையில். கரும்புச் சாற்றில் இனிப்பு எவ்வளவு என்று ஒரு சின்னக் கண்ணாடிக் குழல் வழியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தால் அதே மாதிரி இன்னொரு குழல், அதில் தொட்டித் தண்ணீரின் உப்பைப் பார்ப்பார். "இனிப்புல தப்பு பண்ணா மேனேஜரு திட்டுவாரு. உப்புல தப்பு பண்ணா அதுங்க திட்டாது, செத்துப்பூடும்" என்று உங்களுக்கும் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவரும் ஒரு தப்பு செய்தார். ப்ளூ டேங் என்கிற நீலக் கடல்மீன் ஒன்றைக் குஞ்சாக வாங்கி வந்தார். இது இவ்வளவுதான் வளரும் என்று விற்றவன் சொன்னதை நம்பிவிட்டார். அது வளர்ந்தது. உள்ளங்கை அகலம் வந்துவிட்டது. தொட்டியோ இரண்டடி.

ஒரு நாள் என்னைத் தொட்டி முன்னால் உட்காரவைத்தார். "பாரு. போவுது. திரும்புது. போவுது. திரும்புது. தின்னுது, பளபளன்னு கீது, ஒரு கொறையும் இல்ல. ஆனா திரும்பிக்கினே கீது. கடல்ல இருந்தத இட்டாந்து ரெண்டடி குடுத்துட்டு நான் சோறு துன்னுக்கினு கீறேன்" என்றார். குரல் உடைந்திருந்தது. ஒரு மீனுக்காக ஐம்பது வயசு ஆள் இப்படிக் கலங்குவாரா என்று நான் பேச்சை மாற்றினேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். ஐந்தடித் தொட்டி.

தொட்டி வந்த கதை உங்களுக்குத் தெரியும், படம் போட்டார். வாசல் கதவைக் கழற்றி ஏழு பேர் தூக்கினோம். இரும்பு ஸ்டாண்டு தியாகதுருகத்தில் வெல்டிங். தரை ஒரு நூலளவு சாய்ந்திருக்கிறது என்று மூன்று முறை தூக்கி இறக்கவைத்தார். மூன்றாவது முறை நான் கெட்ட வார்த்தையே சொல்லிவிட்டேன். சொட்டுச் சொட்டாக வடிகட்டிய தண்ணீரை டிரம்மில் பிடித்து, உப்புக் கலக்கி, நிரப்பவே நாலு நாள் ஆனது. அப்புறம் அதில் ஓர் உரித்த இறாலைப் போட்டார். மீன் இல்லாத தொட்டியில் அது அழுகி, அந்த அழுக்கைத் தின்னும் கிருமி உண்டாகி, தண்ணீர் பழக வேண்டுமாம். "கொழம்புக்கு வாங்கியாந்த எறா, தம்பி. எங்களுக்கு ஒண்ணு கம்மி. காலித் தொட்டில போட்டு அழுக வுட்டுக்கினு கீறாரு. இந்த வூட்ல மோட்டார் சத்தத்துல நான் தூங்கி எத்தன வருசம் ஆவுது தெரியுமா?" என்று அண்ணி என்னிடம் பஞ்சாயத்து வைத்தார். அண்ணன் சிரித்துக்கொண்டே இருந்தார்.

ஐந்து வாரம் காத்தார். இரண்டாவது வாரமே மீனை மாற்றிவிடலாமே என்று நான் நச்சரித்தேன். "ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலியா? தண்ணிக்கு நம்ம அவசரம் தெரியாது" என்றார். ஐந்தாவது வாரம் சனிக்கிழமை சோதனையில் தண்ணீர் சுத்தமாக வந்தது. மறுநாளே மாற்றிவிடலாம், வா என்று கூப்பிட்டார்.

நான் போகவில்லை. மணலூர்பேட்டையில் என் பங்காளி வீட்டில் காதுகுத்து. கிடா வெட்டு. "அடுத்த ஞாயிறு வெச்சிக்கலாம்ணே, தண்ணி எங்க ஓடிப்போவுது" என்றேன். ஐந்து வாரம் காத்தவர் எனக்காக இன்னொரு வாரமும் காத்தார். ஒரு கறிச்சோற்றுக்காக, அந்த மீன் ஐந்தடியில் நீந்துவதை அவர் பார்க்காமல் போகும்படி செய்துவிட்டேன். இதை யாரும் என்னிடம் சொல்லிக் காட்டவில்லை. அண்ணி கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்தேன். அந்தப் புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அண்ணன் உடலைக் கொண்டுவந்தார்கள். குளிர்ப்பெட்டி வந்தது. கோடை வெயில், கூடம் முழுக்க ஜனம். பெட்டிக்குக் கரண்டு எங்கே கொடுப்பது என்று பெட்டிக்காரர் கேட்டார். நான்தானே வீட்டுக் கரண்டுக்காரன். அண்ணன் படுத்திருக்கிற பெட்டிக்கு ஒரு நிமிஷம் கூடக் கரண்டு நிற்கக்கூடாது என்று மட்டும் தோன்றியது. நிற்காத பிளக் வீட்டிலேயே ஒன்றுதான் என்று எனக்குத்தான் தெரியும். கை தானாகப் போனது. இருந்ததைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பிளக்கைச் சொருகினேன். அந்தச் சீட்டு என் உள்ளங்கைக்குள் இருந்தது. நான் படிக்கவில்லை.

ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். பெட்டியின் மேல் தலை சாய்த்து அழுதுகொண்டிருந்த அண்ணி சட்டென்று நிறுத்தினார். தலையைத் தூக்கி, "சத்தம் எங்க?" என்றார். யாருக்கும் புரியவில்லை. "மோட்டார் சத்தம் எங்க?" என்று எழுந்தார். மயக்கம் வந்து ஏதோ பேசுகிறார் என்று நாலைந்து பெண்கள் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தார்கள். அவர்களைத் தள்ளிவிட்டுத் தொட்டியிடம் போனார். பவளமெல்லாம் சுருங்கிக் கிடந்தது. நீல மீன் மேலே வந்து, பக்கவாட்டில் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"அய்யோ, நான்தான் அண்ணி புடுங்கிட்டேன். நான்தான்" என்று கத்திவிட்டேன். தொட்டிக்கு வேறு ஒயர் இழுக்கிறேன், ஐந்து நிமிஷம் கொடுங்கள், பெட்டியை நிறுத்தக் கூடாது என்று என்னென்னவோ உளறினேன். அண்ணி என் கையைப் பிடித்தார்.

"அவருக்கு இனிமே கரண்ட்டு இன்னாத்துக்கு, தம்பி? அதுங்களுக்குக் குடு."

கொடுத்தேன். மோட்டார் சத்தம் மறுபடி கேட்டதும் அண்ணி தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். பெட்டிக்கு அடுப்படியிலிருந்து ஒயர் இழுத்தேன். இருபது வருஷமாகச் செய்கிற வேலையில் ஒயரை இரண்டு முறை தப்பாக முறுக்கினேன். மீன் பிழைத்துக்கொண்டது. தொட்டியில் உயிரோடு வளர்ந்த ஓர் இறால் மட்டும் செத்துவிட்டது. மறுநாள் வியாழக்கிழமை கல்லறையில் மண் போட்டுவிட்டு வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் போய் வாசலில் நின்றேன். உள்ளே போகத் தைரியம் இல்லை. அண்ணியின் தம்பி, "குழி மண்ணு கூட காயல, சாவு வூட்ல மீன வெச்சி வெளாட்டா?" என்று என்னைப் பார்த்துச் சீறினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் திரும்பிப் போகப் பார்த்தேன். உள்ளேயிருந்து அண்ணி, "அவரு ஞாயித்துக்கெழமன்னுதான் சொன்னாரு. தம்பி, உள்ள வா" என்றார்.

எனக்குப் பாறை தெரியாது, பவளம் தெரியாது. புதுச்சேரி நண்பர் கேட்டதற்காக, சாகிறதுக்குக் கொஞ்ச நாள் முன்னால் அண்ணன் நம் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டாரே, தொட்டி மாற்றுவது எப்படி என்று. உங்கள் எல்லோருடைய போனிலும் அது இருக்கும். என் போனைத் தொட்டியின் மேல் சாய்த்துவைத்து அதைப் போட்டோம். "மொதல்ல பாற. வெளிய ரொம்ப நேரம் வெக்காத. அப்புறம் பவளம். மீனு கடைசி. புதுத் தண்ணிய அதுக்குக் கொஞ்சங் கொஞ்சமா காட்டு." ஒவ்வொன்றாக நிறுத்தி, செய்து, மறுபடி போட்டோம். கணவனின் குரலைக் கேட்டுக்கொண்டே அண்ணி முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டுப் பாறையை எடுத்துக் கொடுத்தார். ஏழு வருஷத்தில் அவர் அந்தத் தண்ணீரைத் தொட்டது அன்றுதான். "அவசரப்படாத. நடுவுல ஒரு டீ குடி" என்றார் அண்ணன். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு போய் டீ வைத்தார். குடித்தோம்.

நீல மீன் புதுத் தொட்டிக்குள் போனது. இரண்டடி போனது. திரும்பியது. மறுபடி இரண்டடி. எதிரே கண்ணாடி இல்லை, மூன்றடிக்கு வெறும் தண்ணீர்தான். ஆனாலும் திரும்பியது. அதைப் பார்த்து நான் அழுதது போல அண்ணனின் பெட்டியைப் பார்த்துக்கூட அழவில்லை. அண்ணி, "தண்ணிக்கு நம்ம அவசரம் தெரியாதுன்னு அவரு சொல்லுவாரு இல்ல? மீனுக்கும் தெரியாது" என்றார்.

அதற்கடுத்த ஞாயிறும் அது இரண்டடியில்தான் திரும்பியது. அதற்கும் அடுத்த ஞாயிறும். போன ஞாயிறு நான் தண்ணீர் மாற்றப் போனபோது அண்ணி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அது போனது. இரண்டடி. மூன்றடி. கடைசிக் கண்ணாடி வரை போய், அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மெதுவாகத் திரும்பி வந்தது. "இங்க பாருங்க, போவுது" என்று அண்ணி பக்கத்தில் அண்ணன் உட்காருகிற காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அண்ணனுடையது என்று என்னிடம் இருப்பது அந்தச் சீட்டு. தண்ணீர் பட்டு எழுத்து கொஞ்சம் கலைந்திருக்கிறது. பர்ஸில் வைத்திருக்கிறேன். எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும், ஒரு பிளக்கைப் பிடுங்குவதற்கு முன்னால் இதில் என்ன ஓடுகிறது என்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறேன். இன்னொன்று, அந்த மலை வளைவில் நான் கொடுத்த வார்த்தை. அண்ணன் அதைக் கேட்கவில்லை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்த வாசலில் செருப்பைக் கழற்றும்போது, தினமும் சாமி கும்பிடுகிறவன் மாதிரி, அதையேதான் வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன்.

சரிண்ணே, வர்றேன்.