காய்க்காத மரத்தை வெட்டச் சொன்னவர்

“இருங்க ரைட்டரே, அந்த வாயை அப்படியே வச்சுக்கிட்டு இருங்க” என்று தோசைக் கரண்டியை நீட்டி ஞானமுத்துவை நிறுத்துகிறார் குழந்தைவேலு. கல்லில் தோசை கருகத் தொடங்குகிறது. கருகினால் கருகட்டும், யாரோ ஒருவர் சொன்ன கருத்து மறுப்பு வாங்காமல் தெருவுக்குப் போய்விடக் கூடாது என்பது அவருடைய கடைச் சட்டம். துறைமுக ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் ஞானமுத்து பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. சீனாவில் தளபதிகள் ஆளுக்கொரு பக்கமாக அடித்துக்கொண்டு சாகிறார்கள், ஷாங்காய்க்கு நம் இங்கிலீஷ் சர்க்கார் பட்டாளம் போனால்தான் ஒழுங்கு பிறக்கும் என்றார். அவ்வளவுதான். காபித் தம்ளர் இன்னும் உதட்டுக்குப் போகவில்லை.

ஞானமுத்துவின் மேல்தான் அவருக்கு ஏதோ விரோதம் என்று நினைத்துவிட வேண்டாம். பசுந்தாங் வட்டாரத்து அரிசி மில்லில் வேலை பார்க்கும் கருப்பையா கதர்ச் சட்டையும் காங்கிரஸ் பேச்சுமாக வந்து உட்கார்ந்து, “அந்நியன் பட்டாளம் கால் வச்ச எடம் உருப்பட்டதா சரித்திரமே கிடையாது” என்று ஆரம்பித்தால், அவர் மூக்குக்கு நேராகவும் அதே கரண்டி நீளும். “உருப்படலேன்னு ஒரே போடா போட்டுட்டா ஆச்சா மாப்ளே? நீ போயிப் பாத்தியா?”

குழந்தைவேலு போய்ப் பார்த்தவர். மகாயுத்தத்தில் சிப்பாய்களுக்குச் சமையல்காரராகக் கப்பலேறி, பஸ்ராவில் இறங்கி, சண்டை முடிந்த பிறகும் அங்கேயே பட்டாளத்தோடு தங்கிவிட்டு, ஒருவழியாக ரங்கூன் வந்து சேர்ந்தார். அங்கே லான்மடாத் தெருவில் சீனத் தச்சர்களின் பட்டறைகளுக்கு நடுவே ஒரு பெஞ்சு போட்டுத் தோசைக் கடை வைத்து ஆறு வருஷமாகிறது. பட்டாளத்திலிருந்து அவர் கொண்டுவந்த சொத்து இரண்டு. ஒன்று, லோன்ஜி என்ற பர்மாக் கைலியின் மேல் இறுக்கிக் கட்டும் காக்கிப் பெல்ட்டு. இன்னொன்று, எதையும் இருநூறு பேருக்குக் குறைவாக நினைக்கத் தெரியாத புத்தி. தெருவிலே குடியிருக்கும் பெண் ஒருத்தி தேங்காய்ச் சட்னிக்குப் பக்குவம் கேட்டால், “மொதல்ல அறுபது தேங்காயை உடைச்சுக்க ஆத்தா” என்று தொடங்குவார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். இவருக்கு ஏன் சிரிக்கிறாள் என்று விளங்காது.

பட்டாளம் நல்லதா கெட்டதா என்ற வழக்குக்கு அவரிடம் இரண்டு கதைகள் இருக்கின்றன. நல்லது என்பவருக்கு மரக் கதை. கெட்டது என்பவருக்கு ஆஸ்பத்திரிக் கதை. இரண்டு கட்சியும் ஒரே நேரத்தில் பெஞ்சில் இருந்தால் இரண்டு கதையும் உண்டு, இரண்டு தோசையும் கருகும்.

மரக் கதை இது. பஸ்ராவில் ஆற்றங்கரை நெடுகப் பேரீச்சந்தோப்புகள். பட்டாளத்துக்கு விறகு தட்டுப்பாடு. ஹாஷிம் என்ற அராபியரின் தோப்பை ஒரு ஓரத்திலிருந்து வரிசையாக வெட்டிக்கொண்டு போகும்படி உத்தரவாயிற்று. அந்த மனுஷர் பெண்டு பிள்ளைகளோடு வந்து மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். குழந்தைவேலு பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. சாயல்குடிப் பக்கத்துப் பனங்காட்டில் பிறந்தவராயிற்றே, மரத்தின் அருமை அவருக்குத் தெரியாதா? நேரே சுபேதாரிடம் போய் சலாம் வைத்தார்.

“ஐயா, காய்க்கிற மரத்துல கை வைக்க வேணாம். அங்கொண்ணும் இங்கொண்ணுமாக் காய்க்காத ஆண்மரம் நிக்குது. எங்க பக்கம் வீட்டுக்கு மரம் வேணும்னா ஆண்பனையைத்தான் சாய்ப்போம். பாவமும் இல்ல, பழியும் இல்ல. அதுல பத்தாததுக்கு வேற எடத்துல விறகு பாத்துக்கலாம்.”

சுபேதாருக்கு யோசனை பிடித்துப்போயிற்று. சமையல்காரன் என்றாலும் கருணையுள்ளவன் என்று முதுகில் தட்டிக் கொடுத்தார். எந்தெந்த மரம் என்று குழந்தைவேலுவே தோப்புக்குள் நடந்து கை காட்டினார். பக்கத்துத் தோப்புகளுக்கும் அதுவே விதியாயிற்று. ஹாஷிம் பின்னாலேயே ஓடிவந்து, தலையில் அடித்துக்கொண்டு, அவர் காலைப் பிடித்துக்கொண்டு அராபியில் என்னென்னவோ கதறினார். “நம்ம தோப்பைக் காப்பாத்திக் குடுத்தானேன்னு அழுவுறான்னு நெனச்சேன் ரைட்டரே. தூக்கி நிறுத்தி, கண்ணைத் தொடைச்சு விட்டு, போயிட்டு வா அப்பான்னு அனுப்பி வச்சேன்.”

பேரீச்சை பனை மாதிரி கிடையாது. பனங்காட்டில் ஆணும் பெண்ணும் சரிக்குச் சரியாக நிற்கும். பூந்தாது சேர்ப்பதைக் காற்றே பார்த்துக்கொள்ளும். பேரீச்சந்தோப்பில் ஆண்மரம் ஏதோ ஒன்றிரண்டுதான் வைப்பார்கள். பருவத்தில் ஆள் ஏறி அதன் பூவை அறுத்து, ஒவ்வொரு பெண்மரத்தின் பாளையிலும் கட்டிவிட்டால்தான் காய்க்கும். அடுத்த வருஷம் கரை முழுக்க மரங்கள் பூத்தன. பூத்ததோடு சரி. வரிசையாக வெட்டியிருந்தால் பாதித் தோப்பாவது காய்த்திருக்கும். குழந்தைவேலுவின் கருணையில் ஒரு மரமும் காய்க்கவில்லை.

“துப்பாக்கி வச்சிருந்தவன் பண்ணாத நாசத்தைக் கரண்டி வச்சிருந்தவன் பண்ணினேன். அதுவும் புண்ணியம்னு நெனச்சுப் பண்ணினேன்” என்று முடிக்கும்போது ஞானமுத்து பேச்சை மாற்றிக் காபி ஆறிவிட்டது என்பார்.

ஆஸ்பத்திரிக் கதை சின்னது. அதே ஹாஷிமின் பேத்திக்குக் காலரா கண்டது. பட்டாளத்து ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்கு அவரே தூக்கிக்கொண்டு வந்தார். வேறு போக்கு இல்லை. டாக்டர் ராப்பகலாகப் பக்கத்தில் இருந்து பிழைக்க வைத்தார், குழந்தைவேலு கஞ்சி வைத்துக் கொடுத்தார். “பட்டாளம் வராட்டி அந்தப் புள்ள இல்ல மாப்ளே. பட்டாளம் வந்ததால அந்தப் புள்ளைக்குத் திங்க ஒரு பேரீச்சம்பழம் இல்ல. இப்ப எது சரின்னு நீ சொல்லு, கேட்டுக்கிறேன்.” கருப்பையா சொல்ல மாட்டார். தோசைதான் சொல்லுவார், இன்னொன்று.

இந்த ஊரில் குழந்தைவேலுவுக்கு ஒரு குறையும் கிடையாது. கடை நடக்கிறது. எதிர்த்துப் பேச ஆள் வருகிறது. தட்டிக்கு அந்தப் பக்கம் மனைவி கமலாட்சி மாவாட்டுகிறாள். அவர் பஸ்ராவில் இருந்த காலமெல்லாம் அவள் தனியாகக் கிடந்து காத்திருந்தவள். ரங்கூன் வந்து இறங்கிய அன்றே சொல்லிவிட்டாள். “காத்துக்கெடந்தது போதும். இனிமே எந்தச் சீமைக்குப் போனாலும் ஆட்டுக்கல்லையும் என்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போங்க.” அந்த ஆட்டுக்கல்லைத் தூக்க இந்தத் தெருவில் ஆள் கிடையாது. ஆகவே விஷயம் அதோடு தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அப்போதுதான் காஜா மைதீன் ராவுத்தர் வந்தார். பட்டாளத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கண்டிராக்டர், வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சிரிப்பு. ஷாங்காயில் வெள்ளைக்காரர்களின் பேட்டையைக் காவல் காக்க இந்தியாவிலிருந்து சிப்பாய்கள் போய் இறங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சமைக்க ஆள் வேண்டும். “தலைமைச் சமையல் நீதான் கொழந்தைவேலு. உனக்குக் கீழே ஆறு ஆளு. இருநூறு பேருக்கு உலை” என்றார். நாலு நாளில் வந்து பதில் கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறைப்பானேன், குழந்தைவேலுவுக்கு ஆசை வந்துவிட்டது. இருநூறு பேருக்கு உலை என்ற சொல் காதிலேயே நின்றுவிட்டது. அன்று முதல் அவர் யாரையும் எதிர்க்கவில்லை. ஞானமுத்து தம் கட்சியை ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்தார். கருப்பையாவும் சொல்லி முடித்தார். கரண்டி நீளவே இல்லை. தோசைகள் பொன்னிறமாக வந்தன. தின்கிறவர்களுக்கு ருசிக்கவில்லை. தட்டிக்குப் பின்னால் கமலாட்சியின் ஆட்டுக்கல் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றியது. போகாதே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குழந்தைவேலு எதிர்த்துப் பேசி, வீம்புக்காகவே கப்பலேறியிருப்பார். அது அவளுக்குத் தெரியும்.

கெடு முடிகிற அன்று காலை பெஞ்சில் எல்லோரும் இருந்தார்கள். கோடியில் வழக்கம்போல ஆ சுங். பக்கத்துப் பட்டறைத் தச்சர். கடை திறந்த நாளிலிருந்து தினம் வந்து, தின்று, தலையசைத்துவிட்டுப் போகிறவர். சீனாவுக்குப் பட்டாளம் போகலாமா கூடாதா என்று இத்தனை நாளாக அவர் காதருகே இரண்டு தமிழர்கள் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறார்கள். ஒருவருக்கும் அவரைக் கேட்கத் தோன்றியதில்லை. குழந்தைவேலுவுக்கும் அன்றுதான் தோன்றியது.

“ஆ சுங்கு, உங்க நாடுதானேய்யா. நீ என்ன சொல்றே?”

ஆ சுங் தட்டைத் தள்ளி வைத்தார். இந்தக் கடையில் தின்றே அவர் கொஞ்சம் தமிழ் சேர்த்து வைத்திருந்தார். காபியில் விரலை நனைத்துப் பெஞ்சின் மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தார்.

“இது முள்ளுக் கம்பி, அண்ணே. ஷாங்காய்ல இப்ப போட்டாச்சு. கப்பல்காரன் பாத்துட்டு வந்து சொல்றான்.” கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு விரலை வைத்தார். “என் தங்கச்சி, இங்கே. பட்டாளம் நிக்குது, கடை திறக்குது. ராத்திரி தூங்குது. நல்லது சொல்றா.” அந்தப் பக்கம் இன்னொரு விரல். “என் தம்பி, இங்கே. வேலை கம்பிக்கு உள்ளே, வீடு கம்பிக்கு வெளியே. போனா துப்பாக்கி நீட்டுறான். வேலை இல்லே, சோறு இல்லே. கெட்டது சொல்றான்.”

“நீ என்னய்யா சொல்றே?”

“நான் ரெண்டு பேருக்கும் அண்ணன்” என்றார் ஆ சுங்.

குழந்தைவேலு அந்தக் காபிக் கோட்டின் மேல் குனிந்தார். “ஒரு தரமாச்சும் அந்த ஹாஷிமைக் கேட்டிருக்கலாம்” என்று முணுமுணுத்தார். “எந்த மரத்தை வெட்டக் கூடாதுய்யான்னு, ஒரே ஒரு வார்த்தை.” அவர் கண் கலங்கியிருந்தது. புகை என்று சொல்ல அடுப்பில் புகை இல்லை. நாலு நாளைக்குப் பிறகு அன்றுதான் கல்லில் ஒரு தோசை கருகியது.

ராவுத்தர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். கையில் பித்தளைத் தட்டு, அதில் கொழுந்து வெற்றிலையும் பாக்கும். கண்டிராக்டரின் தட்டிலிருந்து வெற்றிலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டால் கப்பலேறச் சம்மதம் என்று பொருள். அதற்கு மேல் சாட்சியும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். “எடுத்துக்க கொழந்தைவேலு. கம்பிக்கு உள்ளே இருக்கப் போறவன்தானே நீ, உனக்கென்ன பயம்?” என்று நீட்டினார்.

“பயம் அங்க இருக்கவங்களுக்குய்யா ராவுத்தரே. நல்லது பண்றேன்னு நான் போயி எதைக் கை காட்டுவேனோ!” என்றார் குழந்தைவேலு. சொல்லிக்கொண்டே இரண்டு கைகளாலும் தட்டை வாங்கிக்கொண்டார். உள்ளே ஆட்டுக்கல் நின்றுபோயிற்று.

தட்டை ஏந்தியபடி பெஞ்சின் கோடிக்கு நடந்தார். முதலில் ஆ சுங்குக்கு இரண்டு வெற்றிலை. பிறகு ஞானமுத்துவுக்கு, கருப்பையாவுக்கு. தட்டிக்குப் பின்னால் போய்க் கமலாட்சியின் மாவுக் கையிலும் பாக்கோடு வைத்துவிட்டு வந்தார். “போட்டுக்கங்கய்யா, சாப்பிட்ட வாய்க்கு. ராவுத்தர் உபயம்.” தமக்கென்று ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. காலியான தட்டைத் தோள் துண்டால் துடைத்து, கல்லிலிருந்து இரண்டு தோசையை எடுத்து அதில் போட்டு, சட்னியும் ஊற்றி, காஜா மைதீனின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.