எப்போதும் முதல் தோசை

அண்ணன் செய்த ஒரு தப்பு போன ஞாயிற்றுக்கிழமை பிடிபட்டது. கூப்பிட்டுத் திட்டலாம் என்றால்... ஆள் இல்லை. போய் ஐந்து மாதம் ஆகிறது.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அவனைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன் — எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி கேப் ஓட்டினான். பத்தாவது ஃபெயில். நான் ஒன்பதாவதோடு சரி. அந்த வகையில் எனக்கு சீனியர். கம்பெனி கேட்டுக்கு வெளியே வண்டியில் காத்திருக்கும் நேரத்தில் போனிலேயே ஜாவாஸ்கிரிப்டில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டான்.

கற்றுக்கொண்டு எனக்காக, போனில் திறக்கிற மாதிரி ஒரு பக்கம் செய்தான். நடுவில் ஒரு பட்டன். அமுக்கினால் "சாப்ட்டியாடி?" என்று வரும். மறுபடி அமுக்கினால்? "சாப்ட்டியாடி?" பத்து தடவை அமுக்கினாலும் அதே.

"இதுக்காடா ஆறு மாசம் படிச்ச?" என்றேன்.

வேறு வேறு வரவேண்டுமே என்று தலையைச் சொறிந்தான். அப்புறம் பார்க்கிறேன் என்றான். பார்ப்பதற்குள் மாரடைப்பு. இருபத்தொன்பது வயது.

அதற்குப் பிறகும் தினம் அமுக்குகிறேன். பி.ஜி. விடுதியில் நாற்பது பேருக்குச் சமைக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனாலும் அமுக்குகிறேன்.

ஞாயிறு எங்கள் லேடீஸ் பி.ஜி.யில் தோசை. அடுப்படியில் வந்து நின்ற பவ்யாவிடம் பட்டனைக் காட்டினேன். மூன்றாவது மாடி, தும்கூர் பெண், சாஃப்ட்வேர் வேலை. ஃபைலைத் தன் லேப்டாப்புக்கு மாற்றி, சமையல் மேடையிலேயே திறந்தாள். பார்த்தாள். சிரித்தாள். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினாள்.

இட்லி ஒரே ஈட்டில் மொத்தமாக வந்துவிடும், எண்ணிவிடலாம். புரோகிராமில் அதற்குப் பெயர் அர்ரே. தோசை அப்படியில்லை. "அக்கா, இன்னொந்து" என்று இன்னொன்று கேட்டுத் தட்டை நீட்டினால்தான் ஒன்று வரும். போட்டுவிட்டுக் கரண்டியோடு நிற்பேன். அடுத்த தட்டு வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். அதுதான் ஜெனரேட்டர். தட்டை நீட்டுவது நெக்ஸ்ட். தட்டில் போடுவது யீல்ட். மாவு தீர்ந்தால் டன். இட்டரேட்டர்? கரண்டியோடு நிற்கிற நான்தானாம். ஒன்பதாவது படித்தவளுக்கு இதைவிடப் பெரிய பதவி யார் கொடுப்பார்கள்?

கேட்கக் கேட்க ஒவ்வொரு வரியாகத் தருகிற ஜெனரேட்டரை அண்ணன் சரியாகத்தான் எழுதியிருக்கிறான். ஆனால் பட்டனை அமுக்கும் ஒவ்வொரு தடவையும் அதைப் புதிதாகக் கூப்பிடுகிறான். அதாவது — ஒவ்வொரு தட்டுக்கும் இருக்கிற மாவைக் கொட்டிவிட்டு, புது மாவு, புதுக் கல், முதல் தோசை. எப்போதும் முதல் தோசை. முதல் தோசை எந்த லட்சணத்தில் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

"ஒரு லைனை வெளிய எடுத்து வெச்சா சாக்கு அக்கா, போதும், அவ்ளோதான்," என்றாள் பவ்யா. "உள்ள இன்னும் என்னென்னவோ எழுதியிருக்காரு. மொத்தமா லிஸ்ட் போட்டுக் காட்டட்டா?"

மாவுக் கையாலேயே ஸ்க்ரீனை மறைத்தேன்.

"வேணா பவ்யா. இட்லியாக்கிடாத."

மொத்தமாகப் படித்துவிட்டால் தீர்ந்துவிடும். தீர்ந்துவிட்டால், அவன் என்னிடம் புதிதாகச் சொல்ல ஒன்றும் இருக்காது. கல்லில் ஒரு தோசை கருகியது. பவ்யா ஸ்க்ரீனைத் துடைத்தாள். அந்த ஒரு வரியை மட்டும் மாற்றி, ஃபைலைத் திரும்ப என் போனில் போட்டாள். பக்கத்தை மூடினால் மறுபடி முதலிலிருந்துதான் வரும், மூடாதீங்க என்றாள்.

அமுக்கினேன். "சாப்ட்டியாடி?"

இன்னொரு தடவை அமுக்கினேன்.

"கேட்டதுக்கு பதில் சொல்லாம பட்டனை அமுக்காதடி, எருமை."

அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அழுதேன் என்றும் சொல்லிக்கொள்ளலாம்... ஹாலில் தட்டும் கையுமாக நின்றவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, அன்றைக்கு பிரெட் தின்றார்கள்.

உள்ளே இன்னும் எத்தனை வரி இருக்கிறது? பவ்யாவிடம் கேட்கவில்லை. அர்ரேவிடம் நீளம் கேட்டால் உடனே சொல்லிவிடுமாம். ஜெனரேட்டர் சொல்லாதாம். நல்ல பழக்கம்.

இனி நாளுக்கு ஒரு தடவைதான் அமுக்குவது என்று முடிவு செய்திருக்கிறேன். அதுவும், பதில் சொல்லிவிட்டு.

சாப்ட்டேன்டா. இன்னொந்து.