எட்டு பேனலுக்கு அடியில்

சின்னமனூரில் எங்களுக்கு எதிர்வீடு என் ஓரகத்தியுடையது. அவள் மொட்டைமாடியில் நாலு சோலார் பேனல் ஏறிய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "கரண்டு பில் இப்பப் பேருக்குத்தான் வருது" என்று தெருவில் ஒருத்தரை விடாமல் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

நானும் ஆள் கூப்பிட்டேன். அவளுக்கு மாட்டிய அதே ஆள். "நாலு பேனல், ஒரு பேட்டரி போதும்க்கா. பேட்டரி இல்லைன்னா லைன்ல கரண்டு போறப்ப பேனலும் நின்னுரும்" என்றார்.

பேட்டரி மாடிப்படிக்கு அடியில் கிடக்கும். அது யார் கண்ணில் படும்? அந்த விலைக்கு இன்னும் நாலு பேனல் போட்டால் ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்ப்பார்கள். "பேட்டரி வேண்டாம், எட்டு பேனலா போடுங்க" என்றேன்.

பில் எனக்கும் குறைந்தது. ஒரு மாதம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன். அப்புறம் மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒருநாள் காலையிலேயே கரண்டை நிறுத்தினார்கள். சித்திரை வெயில். மேலே எட்டு பேனலும் காய்கிறது, கீழே ஒரு ஃபேன் சுற்றவில்லை. எதிர்வீட்டில் மிக்ஸி ஓடுகிறது.

ஓரகத்தி வாசலுக்கு வந்து கூப்பிட்டாள். "அக்கா, அங்கன ஏன் வேகுறீக? இங்கன வந்து ஃபேனுக்கடியில உக்காருங்க."

குரலில் குத்தல் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். துளிகூட இல்லை. இருந்திருந்தால் என் வீட்டிலேயே நிம்மதியாக வெந்துகொண்டு இருந்திருப்பேன்.